பசியில்லாத பூனை

காட்டோரக் குளத்தில், கோரைப்புல் அடர்ந்த மூலையில், தாழை என்ற கானாங்கோழி குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் எல்லாம் கன்னங்கரேல் என்று பஞ்சு உருண்டை போல இருந்தன. பொரிந்த கையோடு தாயின் பின்னாலேயே ஓடத் தொடங்கிவிட்டன.

கரைமேல் ஒரே ஒரு வீடு. அதில் தவமணி என்ற பெண் தனியாக வாழ்ந்தாள். அவளுக்குத் துணை சோழி என்ற வெள்ளைப் பூனைதான். விடிந்ததும் அவள் கதவைத் திறந்துவிடுவாள். "அடைச்சு வெச்சா பாவம்! போய் ஆசைதீரச் சுத்திட்டு வாடி கண்ணு!" என்பாள்.

சோழி நேராகக் குளத்துக்கு வரும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது தாழை அலறிவிட்டது.

"எதற்கு இந்தக் கூச்சல்?" என்றது சோழி. "என் வயிற்றைப் பார்! பால்சோறும் கருவாடும் தின்றுவிட்டு வருகிறேன். உன் குஞ்சு எனக்கு எதற்கு?"

தாழை நம்பவில்லை. ஆனால் ஒருநாள் குஞ்சைத் தூக்க வந்த காக்கையைச் சோழி பாய்ந்து விரட்டியது. அதன்பிறகு தாழைக்குப் பயம் விட்டுப்போனது. சோழி கரையில் படுத்திருக்க, தாழை நிம்மதியாக நத்தை தேடப் போனது.

ஒரு காலையில் குஞ்சு ஒன்று வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு சோழியின் மூக்குக்கு எதிரே ஓடியது. ஒரே பாய்ச்சல்! தாழை திரும்பி ஓடிவந்தபோது குஞ்சு புல்லில் அசையாமல் கிடந்தது.

"ஐயோ! ஏன் செய்தாய்? பசித்ததா?"

"இல்லை..." சோழி தன் காலையே பார்த்தபடி நின்றது. "அது ஓடியது. கால் தானாகப் போய்விட்டது. நான் நினைத்துச் செய்யவில்லை, தாழை!"

"பசி என்றாலாவது என் மனம் ஆறியிருக்கும்! இனி இங்கே வராதே!"

"தவமணி கதவைத் திறந்துவிடுகிறாளே! திறந்த கதவைப் பார்த்தபின் என்னால் உள்ளே இருக்க முடியவில்லையே!"

சோழி மறுநாளும் வந்தது. அடுத்தடுத்த நாட்களில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு முறையும் சோழி தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டது. கடைசியில் ஒரே ஒரு குஞ்சு மிஞ்சியது.

தாழைக்கு வேறு வழி தோன்றவில்லை. காட்டுக்குள் போய் நரியின் புதருக்கு எட்டத்தில் நின்றது.

"நரியே! குளக்கரைக்குத் தினமும் ஒரு கொழுத்த பூனை வருகிறது."

"அப்படியா! வழி எது?" நரி எழுந்து நின்றது. தாழை வழியைச் சொல்லிவிட்டது.

விடிந்ததும் சோழி வந்து வழக்கமான இடத்தில் படுத்தது. புதர் அசைந்தது. நரியின் முகத்தை முதலில் பார்த்தது சோழிதான். நரி தாழையைத் தேடித்தான் வந்திருக்கிறது என்று சோழி நினைத்தது.

"தாழை, நரி! குஞ்சைக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடு!"

கத்திய அந்த நேரத்தில் ஓடியிருந்தால் சோழி பிழைத்திருக்கும்.

தவமணி பொழுது சாயும்வரை கரை முழுவதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரிந்தாள். கோரைக்குள் பதுங்கியிருந்த தாழைக்கு ஒரு புழுகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

சில வாரம் கழித்து, தனிமை தாங்காமல், தவமணி ஒரு பூனைக்குட்டியை வாங்கி வந்தாள். அதைப் பார்த்ததும் தாழை உயிரை வெறுத்து வாசற்படி வரைக்கும் ஓடியது.

"கதவைச் சாத்து! இதையாவது உள்ளே வைத்துக்கொள்! நரிக்கு இங்கே வர வழி தெரியும். நான்தான் காட்டிக்கொடுத்தேன்!"

தவமணியின் காதில் விழுந்ததெல்லாம் கானாங்கோழியின் வெறும் கத்தல்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவம், இதுவும் எம்பொண்ணைத்தான் தேடுது போல" என்று கொஞ்சம் அரிசியை இறைத்தாள். பிறகு குட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்து, அதை வெளியே இறக்கிவிட்டாள்.

கோரைக்குள் கடைசிக் குஞ்சு அசைந்தது. குட்டியின் காதுகள் நிமிர்ந்தன.

அவிழ்த்துவிடுவதே அன்பு என்று நினைப்பவர், தாம் வளர்த்த உயிரையும் காப்பதில்லை, அடுத்தவர் உயிரையும் விட்டுவைப்பதில்லை.