டூப்ளிகேட் பிரிட்ஜும் நாலு ஒரிஜினல் ஆட்களும்

எங்கள் கோபியில் வெள்ளிமலை கிளப் என்று ஒன்று இருக்கிறது. அதன் சீட்டாட்ட அறையில் இருபத்திரண்டு வருஷமாக நாலு பேர் தினமும் சாயங்காலம் பிரிட்ஜ் ஆடுகிறார்கள். இந்த நாலு பேர் மட்டும்தான், வெளியாள் கிடையாது. இருந்தும் இதுவரை நாலு பேருமே தோற்றுத்தான் வந்திருக்கிறார்கள். அப்படியானால் ஜெயித்தது யார் என்று ஒருநாள் கேட்டேன். அவர்களும் அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.

நாலில் ஒருவர் நாச்சிமுத்து, என் வீட்டுக்காரர். அதனால் அதிகம் சொல்லக் கூடாது. பத்தாவது கணக்கில் மூன்று முறை ஃபெயில் ஆனவர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்தவர் தெய்வசிகாமணி, சர்வே டிபார்ட்மெண்டில் ரிடையர் ஆனவர். எல்லோரும் பேனா குத்துகிற பையில் அவர் திசைகாட்டி வைத்திருப்பார். மூன்றாமவர் சென்னியப்பன், பம்புசெட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். பஞ்சாங்கம் பார்க்காமல் பல் தேய்க்க மாட்டார். நாலாவது ராக்கியண்ணன். நல்ல மனிதர். சொன்னதைச் செய்வார். சொன்னதை அப்படியே செய்வார். அவரிடம் இருக்கும் கோளாறும் அதுதான்.

இந்த வருஷம் கிளப்புக்குப் புதுத் தலைவர் வந்தார். மங்கையர்க்கரசி, பல் டாக்டர். மயக்க மருந்து கொடுக்காமலே பேசுவார். நாலு பேருக்கு எதற்கு ஒரு ஏசி அறை, அங்கே உடற்பயிற்சி மெஷின் போடலாம் என்றார். நாலு பேரும் கெஞ்சியதில் கொஞ்சம் இறங்கி வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் ஜில்லா பிரிட்ஜ் போட்டி. அங்கே போய் ஆடட்டும். ஜெயிக்கக்கூட வேண்டாம்.

"கடைசியா மட்டும் வராதீங்க. கடைசியா வந்தீங்கன்னா திங்கக்கிழமை காலைல ரூம்ல மெஷின் இருக்கும்."

அறை போனால் நாலு பேரும் எங்கே போவார்கள்? எங்கே போவார்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. சாயங்காலம் தெய்வசிகாமணி டேப்போடு வந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை அளந்துகொண்டிருந்தார். தினம் நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை, நாலு பேர், நாலு ரவுண்டு காபி. அவர்கள் கடைசியாக வரக் கூடாது என்று ஊரில் என்னைவிட அதிகமாக வேண்டிக்கொண்டவர் யாரும் இல்லை.

போட்டிக்காரர்கள் அனுப்பிய விதிமுறைத் தாள் முழுக்க இங்கிலீஷ். நான் கான்வெண்டில் படித்தவள் என்பது இருபத்தாறு வருஷம் கழித்து என் வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தது. மற்ற மூவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, படித்துச் சொல்லச் சொன்னார். முதல் வரியிலேயே வண்டி நின்றது. அது 'டூப்ளிகேட் பிரிட்ஜ்' போட்டி என்று எழுதியிருந்தது.

சென்னியப்பன் எழுந்துவிட்டார். "மன்னிக்கோணுமுங்க அம்மிணி. நாப்பது வருசமா கடை நடத்தறேன். ஒரு வாசர்கூட டூப்ளிகேட் வித்ததில்லை. ஒரிஜினல் பிரிட்ஜ் எங்கயாச்சும் நடந்தா சொல்லுங்க, வர்றேன்."

அப்படியில்லை என்று விளக்கினேன். ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டைத் தட்டில் வைத்து அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். எல்லா மேசைக்கும் ஒரே சீட்டு. அதை வைத்து யார் நன்றாக ஆடினார்கள் என்று பார்ப்பார்கள். ஆகவே இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை, மூளைக்குத்தான் வேலை.



"அப்ப நாம எதுக்குங்க போறது?" என்றார் ராக்கியண்ணன். அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அதுதான்.

மேலே படித்தேன். வடக்கு-தெற்கு ஜோடி ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும். கிழக்கு-மேற்கு ஜோடி ஒவ்வொரு சுற்றுக்கும் அடுத்த மேசைக்கு நகரும். இவரும் தெய்வசிகாமணியும் உட்காருகிற ஜோடி, சென்னியப்பனும் ராக்கியண்ணனும் நகருகிற ஜோடி என்று முடிவாயிற்று. உடனே சென்னியப்பன் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. மேசைவிட்டு மேசை நகர்ந்தாலும் அது பயணம்தான். போயே ஆகவேண்டும் என்றால் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டு போகலாம். அரைக் கிலோ வெல்லம் எடுத்துக்கொள்வது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

கடைசியாக டம்மி பற்றிச் சொன்னேன். ஜோடியில் ஒருவர் ஏலத்தில் ஆட்டத்தை எடுத்தால், மற்றவர் தன் சீட்டையெல்லாம் மேசையில் விரித்துவிட்டு டம்மி ஆகிவிடுவார். கிளப்பில் டம்மிதான் அதிகம் பேசுவார்; போட்டியில் டம்மி வாயைத் திறக்கக் கூடாது. சீட்டைத் தொடக் கூடாது. ஆட்டம் முடிகிறவரை ஒன்றுமே செய்யக் கூடாது. ராக்கியண்ணன் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இனி நடந்ததெல்லாம் என் வீட்டுக்காரர் வாயால் கேட்டது. வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னார்.

காலை பத்து மணிப் போட்டிக்கு நாலு பேரும் ஐந்து மணிக்கே ஈரோட்டுக் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றார்கள். கடைசியாக வரக் கூடாது என்றுதானே டாக்டரம்மா சொன்னார். தூங்கிக்கொண்டிருந்த வாட்ச்மேனை எழுப்பி, 'இவர்கள் நால்வரும் முதலாவதாக வந்தார்கள்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். வந்த காரியம் முடிந்துவிட்டது. திரும்பியிருக்கலாம். மத்தியானம் சாப்பாடு உண்டு என்று வாட்ச்மேன் சொன்னதால் இருந்து ஆடினார்கள்.

பத்து மணிக்கு மேசை போட்டார்கள். 'வடக்கு' என்று அட்டை ஒட்டிய நாற்காலியில் தெய்வசிகாமணி உட்கார வேண்டும். அவர் திசைகாட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். போட்டியை நடத்துகிறவர் கோயமுத்தூர்க்காரர், டைரக்டர் என்று பெயர். அவர் வந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். டைரக்டர் என்றதும் என் வீட்டுக்காரர் தலையைச் சீவிக்கொண்டார்.

"இது வடக்கு இல்லீங்க, தெக்கு," என்றார் தெய்வசிகாமணி.

"சார், அது ஆட்டத்துக்காக வச்ச பேரு."

"சர்க்கார் சர்வேல முப்பத்தினாலு வருசம் இருந்தவனுங்க நான். அட்டைல எழுதிட்டா தெக்கு வடக்காயிருமுங்களா?"

மேசையைத் தூக்கித் திருப்பிப் போட்ட பிறகுதான் உட்கார்ந்தார். அதிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பக்கம் டீ வண்டி போக முடியவில்லை.

இந்தப் போட்டிகளில் ஏலத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி இருக்கும். அதிலிருந்து அட்டையை எடுத்து வைக்க வேண்டும். சீட்டு மோசமாக இருந்தால் கிளப்பில் 'வேண்டாம்' என்பார்கள்; இங்கே அதற்குப் பச்சை அட்டை. அதில் 'பாஸ்' என்று போட்டிருக்கும். இவர் அதைக் கண்டார். மூன்று முறை கணக்கில் கோட்டைவிட்ட மனிதர். கையில் அத்தனை ராஜாவும் ராணியும் இருந்தும் இருபத்துநாலு ஆட்டத்திலும் பாஸ் அட்டையையே வைத்தார். எதிரே உட்கார்ந்தவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, தன் மார்க்கைப் பார்த்துத்தான் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். முடிவில் ஒரு பச்சை அட்டையில் டைரக்டரிடம் கையெழுத்து வேறு கேட்டிருக்கிறார்.

நகருகிற ஜோடியின் கதை வேறு. முதல் சுற்று முடிந்து அடுத்த மேசைக்குப் போகச் சொன்னார்கள். தெய்வசிகாமணி திசைகாட்டியைப் பார்த்து, அடுத்த மேசை சுத்தமான மேற்கு என்று சொல்லிவிட்டார். இருவரும் ஆளுக்கொரு வெல்லத்துண்டைப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். வெல்லம் தின்ற கையால் சீட்டைப் பிடித்ததில் பதின்மூன்று சீட்டு பன்னிரண்டானது. ஒரு சீட்டைக் காணோம் என்று மேசைக்கடியில் ஏழு பேர் தவழ்ந்து தேடினார்கள். அது ஸ்பேட் ராணி. ஹார்ட்டின் ராஜாவின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த இரண்டாவது மேசையில் சென்னியப்பன் ஆட்டத்தை எடுத்தார். ராக்கியண்ணன் டம்மி ஆனார். சீட்டை விரித்தார், கையைத் தொடைமேல் வைத்தார், வாயை மூடினார்.

ஆட்டம் முடிகிறவரை என்று நான் சொன்னது அந்த ஒரு ஆட்டத்தை. அவர் புரிந்துகொண்டது சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிகிற ஆட்டத்தை.

அடுத்த சீட்டு வந்தது, அவர் எடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. எதிரே ஆடிய டாக்டர் ஒருவர் பயந்துபோய் அவருக்கு பிரஷர் பார்த்தார். நம் எல்லோரையும்விட நன்றாக இருந்ததாம். அடுத்த மேசைக்கு நகர வேண்டிய நேரம் வந்ததும் சிக்கல் முற்றியது. வெல்லம் தின்னாமல் மேற்கே போக முடியாது. வாயைத் திறக்காமல் வெல்லம் தின்ன முடியாது. மற்ற மூன்று பேரும் கூடி ஆலோசித்தார்கள்.

"போறவன் மூஞ்சி எந்தப் பக்கமோ அதுதானுங்க பயணம்," என்றார் சென்னியப்பன். "மூஞ்சி கிழக்க பாத்திருந்தா அது மேக்க போறதுல சேராது."

ஆகவே மிச்சச் சுற்று முழுக்க ராக்கியண்ணனைப் பின்பக்கமாக நடத்திக்கொண்டு போனார்கள். பதினாறு மேசைக்காரர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள். மத்தியானம் இலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வைத்தார்கள். அவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எந்தச் சாப்பாட்டுக்காக இருந்து ஆடினார்களோ அதில் ஒரு பருக்கை அவர் தொடவில்லை. பாயசத்தை மட்டும் என் வீட்டுக்காரர் வீணாக விடவில்லை.

வடக்கு-தெற்கு வரிசையில் ஒரு கடைசி இடம், கிழக்கு-மேற்கு வரிசையில் ஒரு கடைசி இடம். இரண்டும் கோபிக்கே வந்தது.

இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே நாலு பேரும் வாட்ச்மேன் எழுதிய சீட்டோடு டாக்டரம்மா வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் அதை முழுதாகப் படித்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் சீட்டாட்ட அறையில் மெஷின்கள் இறங்கின. நின்ற இடத்தில் நடக்கிற மெஷின் இரண்டு, நின்ற இடத்தில் மிதிக்கிற சைக்கிள் இரண்டு. கதவில் டாக்டரம்மா ஒரு அறிவிப்பு ஒட்டினார்: 'மெஷின் மேல் இருப்பவர்களுக்கு மட்டுமே இங்கு அனுமதி.'

நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, டிகாஷன் இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். நாலு மணி ஆயிற்று, வரவில்லை. ஐந்தாயிற்று. நிம்மதி வரவேண்டிய இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளப்புக்குப் போனேன்.

அறை நடுவில் பழைய சீட்டு மேசை. வடக்கே ஒரு சைக்கிள்மேல் தெய்வசிகாமணி, தெற்கே ஒரு சைக்கிள்மேல் என் வீட்டுக்காரர். மேற்கே ஒரு நடக்கிற மெஷின்மேல் சென்னியப்பன், கிழக்கே இன்னொன்றின்மேல் ராக்கியண்ணன், இருவரும் வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டே சீட்டைப் பிடித்திருந்தார்கள்.

"விதிமுறைப்படி இதுதானுங்க சரி அம்மிணி," என்றார் சென்னியப்பன், மூச்சு வாங்க. "வடக்கு-தெக்கு உக்காந்திருக்கு. கிழக்கு-மேக்கு நகந்துட்டே இருக்கு. ஆனா எந்தத் திசைக்கும் போகலை பாருங்க, சூலமும் ஒண்ணும் பண்ணாது."

சொல்லிக்கொண்டே அவர் ஆட்டத்தை எடுத்தார். ராக்கியண்ணன் டம்மி ஆனார். சீட்டை மேசையில் விரித்தார், வாயை மூடினார், ஒன்றுமே செய்யக் கூடாது என்பதால் நடப்பதையும் நிறுத்தினார். மெஷினுக்கு விதிமுறை தெரியாது. அது அவரை அப்படியே பின்னால் கொண்டுபோய்ச் சுவரோரம் தள்ளியது. விழுந்தவரிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை.

தெய்வசிகாமணி சைக்கிளை நிறுத்தாமல் திசைகாட்டியை எடுத்தார். "விழுந்தது கிழக்குங்க."

சென்னியப்பன் முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை கிழக்கே சூலம். அதற்குத் தயிர் சாப்பிட வேண்டும். கேன்டீனுக்கு ஓடிப்போய் ஒரு சொம்பு தயிர் வாங்கி வந்தார். ராக்கியண்ணன் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டார். மூன்று பேரும் கீழே கிடந்தவரைச் சுற்றி உட்கார்ந்து தீர ஆலோசித்தார்கள்.

"இவரா போனாருங்க?" என்றார் என் வீட்டுக்காரர் கடைசியில். "மெஷின்தானே கொண்டுபோச்சு. பரிகாரம் அதுக்குத்தானே."

நியாயம்தான் என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷினுக்குப் பக்குவமாக முழுச் சொம்புத் தயிரையும் ஊட்டினார்கள். அது குடித்தது, ஒரு ஏப்பம் விட்டது, கொஞ்சம் புகைந்தது, நின்றது.

சென்னியப்பன் இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"ஒரு சொம்பு தயிர் தாங்கலை பாருங்க அம்மிணி. டூப்ளிகேட் மோட்டாருங்க."