அரசன் விரலில் கரி

ஆறும் தென்னந்தோப்புமாய்க் கிடந்த மருதவேலி நாட்டைக் குவளைமாறன் என்றோர் அரசன் ஆண்டுவந்த காலம் அது. நல்ல மனுஷன்தான், ஆனால் வேளைக்கொரு புத்தி. பல்லக்கு கொண்டுவா என்பான். பல்லக்கு வருவதற்குள் நடந்தே போய்விடுவான். புத்தகம் வாங்குவதில் மட்டும் அவன் ஆசை மாறியதே இல்லை. எந்தப் புலவர் ஓலைச்சுவடியோடு வந்தாலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஆகா, தேன்!" என்பான். சால்வை போர்த்துவான். சுவடி ஏட்டறைக்குப் போய்விடும். படிப்பது மட்டும் கிடையாது.

புது ஓலையில் எழுத்தாணிக் கீறல்தான் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். நூலை வாங்கியவரே அந்த முதல் கரியைத் தம் கையால் தேய்க்க வேண்டும் என்பது அந்நாட்டு மரியாதை. நம் அரசனின் விரல்களோ இருபது வருஷமாகப் பளிச்சென்று இருந்தன.

ஏட்டறையைப் பார்த்துக்கொண்டவள் வடிவாம்பாள். வருகிற சுவடிகளை வாங்கி, சிவப்புத் துணியில் சுற்றி, பூச்சி வராமல் வசம்பு வைத்து, பெற்ற பிள்ளைகளைப் போலக் காத்துவந்தாள். அறை நிரம்பிக் கட்டுகள் நடைபாதைக்கும் வந்துவிட்டன. ஒருநாள் காலையில் அரசனின் கால் பெருவிரல் ஒரு கட்டில் நன்றாக இடித்துக்கொண்டது.

"இந்தக் கட்டுகளை யார் இங்கே அடுக்கியது?" என்று ஒற்றைக்காலில் குதித்தான்.

இதற்காகவே காத்திருந்தார் அவைப்புலவர் விடங்கநாதர். அடுத்தவர் தோளில் சால்வை விழுந்தால் அவருக்கு வயிறு எரியும். "அரசே, இன்னும் பதினெட்டு நாளில் ஆடிப்பெருக்கு. பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது வழக்கம்தானே? இந்தக் குப்பையையும் விட்டுவிடலாம். தலைமாட்டில் வைத்துத் தினமும் படிக்கிறீர்களே, என் நூல், அது ஒன்று போதாதா?"

அரசன் இருமினான். "போதும், போதும். எல்லாம் ஆற்றுக்கு!"

வடிவாம்பாள் முன்னால் வந்தாள். "மகாராஜா, பெருக்கன்று பொழுது சாய்வதற்குள் அரண்மனைக்காரர்களே எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டால்?"

"நூற்றெண்பது கட்டையுமா?" அரசன் சிரித்துவிட்டான். "படித்தால் அத்தனையும் உன்னுடையது. ஒன்று மிஞ்சினாலும் அத்தனையும் ஆற்றுக்கு. சம்மதமா?"

"சம்மதம்."

மறுநாள் அரசனின் சாப்பாட்டு இலையில் அப்பளம் இல்லை. "அப்பளம் எங்கே?" என்று அரண்மனை அதிரக் கத்தினான்.

"ஏட்டறையில் இருக்கிறது மகாராஜா," என்றாள் வடிவாம்பாள். "கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கட்டை எடுக்க வேண்டும். பத்து ஏடு படித்தால் ஓர் அப்பளம்."

அரசன் முறைத்தான். ஆனால் அப்பளம் இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. போனான், கையில் கிடைத்த யானை வைத்தியச் சுவடிக்குக் கரி தேய்த்தான். நாலாவது அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டே தின்ன மறந்துபோனான். சாயங்காலம் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "யானைக்கு வயிறு உப்பினால் என்ன கொடுப்பார்கள், சொல் பார்க்கலாம்!" என்று படுத்தி எடுத்தான்.

அடுத்த பந்தயம் அரசிக்கும் அரசனுக்கும். ஆளுக்கொரு சுவடி, யார் நூலில் முதலில் மழை பெய்கிறதோ அவருக்கு மற்றவர் வெற்றிலை மடித்துத் தர வேண்டும். அந்த வாரம் முழுக்க அரசன்தான் மடித்துக் கொடுத்தான். சேனாபதி குதிரைமேல் பின்புறம் பார்த்து உட்கார்ந்து ஒரு சுவடியை முடித்தார். சமையற்காரர் நகைச்சுவை நூலில் ஆழ்ந்துபோனதில் குழம்பு அடிப்பிடித்தது, யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அரண்மனைக் கதவெல்லாம் கரிக்கை அடையாளம். விடங்கநாதர் மட்டும் சால்வைக்குள் கையை மறைத்துக்கொண்டு முகம் சுளித்தார்.

ஆடிப்பெருக்கும் வந்தது. ஆற்றங்கரையில் ஊரே கூடியிருந்தது. நூற்றெழுபத்தொன்பது கட்டுகள் படித்தாகிவிட்டன. ஒன்று பாக்கி.

"தோற்றாய்!" என்று துள்ளினார் விடங்கநாதர். "பார்த்தீர்களா அரசே, இத்தனை பேரும் தொடாமல் ஒதுக்கிய கட்டு! எந்த உதவாக்கரை எழுதியதோ! ஆற்றில் எறியச் சொல்லுங்கள்."

"பொழுது சாயவில்லையே புலவரே," என்று வடிவாம்பாள் கரித்துணியை நீட்டினாள். "உதவாக்கரைதான் என்று நீங்களே படித்துச் சொல்லிவிடுங்கள். எறிந்துவிடுவோம்."

ஊர் பார்க்கிறதே என்று விடங்கநாதர் துணியை வாங்கி முதல் ஏட்டில் தேய்த்தார். எழுத்து மெல்ல எழுந்தது. 'பாகற்காய்ப் போர். இயற்றியவன் விடங்கநாதன்.'

துணி கையிலிருந்து நழுவியது. "அப்படியானால்... தலைமாட்டில்..." என்று அரசனைப் பார்த்தார். இருபது வருஷ மிடுக்கு அந்த ஒரு பார்வையில் கரைந்துபோயிற்று. பாவமாக இருந்தது.

அரசன் தலை குனிந்தான். "தேன் என்று பொய் சொன்னேன் விடங்கா. தொட்டதுகூட இல்லை." பிறகு வடிவாம்பாளிடம், "உனக்கு முன்பே தெரியுமா?" என்றான்.

"வாங்கி வைத்தவளும் நான்தான், கடைசிவரை யார் கைக்கும் எட்டாமல் வைத்தவளும் நான்தான் மகாராஜா."

"அன்றைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தால் இந்த ஒரு கட்டு மட்டும் தப்பியிருக்கும். மற்றவை ஆற்றோடு போயிருக்கும்."

அரசன் படித்துறையில் புலவர் பக்கத்திலேயே உட்கார்ந்தான். கரித்துணியை எடுத்துத் தன் கையாலேயே தேய்த்து உரக்கப் படித்தான். பாகற்காய்ப் படை வெல்லப்பானைக் கோட்டையை முற்றுகையிட்ட இடத்தில் கரையெல்லாம் சிரிப்பு. அரசன் கண்ணைத் துடைத்துத் துடைத்து முகமெல்லாம் கரி. "இத்தனை வேடிக்கைக்காரனா நீ? இருபது வருஷத்தை வீணாக்கிவிட்டேனே!" என்றான். விடங்கநாதர் சிரித்தார், அழுதார், பிறகு தம் சால்வையை எடுத்து வடிவாம்பாளுக்குப் போர்த்தினார்.

சூரியன் மறைவதற்குள் கடைசி ஏடும் முடிந்தது. ஏடுகள் அத்தனையும் வடிவாம்பாளுடையவை ஆயின. அரசன் பதினெட்டு ஊர் எழுதித் தருகிறேன் என்றான். அவளோ, "தினமும் ஒரு நாழிகை என் ஏட்டறைக்கு வாருங்கள், அது போதும்," என்றாள்.

அன்றுமுதல் மருதவேலிக்குப் போகிற புலவர்கள் அரசன் "தேன்" என்றால் உடனே மகிழ்ந்துவிடுவதில்லை. முதலில் அவன் விரலைப் பார்ப்பார்கள்.