பேருக்கு நேராக ஒரு சொல்

வேல்ஸ் நாட்டில் ரக்பி என்றால் உயிர். முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற அந்த ஆட்டத்துக்காகக் கல்யாணத் தேதியைத் தள்ளி வைத்தவர்கள்கூட அங்கே உண்டு. ஆனால் பாருங்கள், பெரிய அணிகள் நான்கும் தெற்கேதான். வடக்கே பேருக்கு ஒன்றுகூட இல்லை.

இதைச் சரிசெய்ய ரக்பி சங்கத்தில் ஒரு குழு போட்டார்கள். குழுவின் செயலாளர் எம்லின். நாற்பத்தைந்து வயது. நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாது. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டாம், நாலு திட்டு திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு திட்டம் எழுதினார். நான்கு அணிகள் மூன்றாகும். மூன்றும் தெற்கேதான். வடக்குக்கு? எல்லா அணிச் சட்டையின் தோளிலும் ஒரு பச்சைப் பட்டை. அதைப் பார்த்தால் வடக்கு மக்களுக்கும் இது நம் அணி என்று தோன்றுமாம். இந்த வரியை எழுதும்போது எம்லினுக்கே கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நல்ல மனுஷன்.

திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. அதற்கு முன்னால் திட்டத்தைத் தன் குருவுக்கு அனுப்பினார். குரு பெயர் இட்வல். எம்லினுக்குச் சின்ன வயதில் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். இப்போது மனைவியின் ஊரான வடகோடிக் கடற்கரையில் இருந்துகொண்டு, அங்கத்திய பெண்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார்.

வியாழக்கிழமை எம்லின் போன் செய்தார்.

"மாஸ்டர், படிச்சீங்களா?"

"படிச்சேன். கடைசிப் பக்கத்து அட்டவணை வரைக்கும்."

"ஒரு மூலைகூட விட்டுப்போகக் கூடாதுன்னுதான் பார்க்கிறேன். ஆனா எங்கேயோ உறுத்துது. ஒரு நாட்டை முழுசா ஆட்டத்துக்குள்ள கொண்டுவர்றது எப்படி மாஸ்டர்?"

"சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்க ஊர் மைதானத்துல பதில் சொல்றேன். வந்துடு."

"அப்ப காரை எடுத்துக்கிட்டு..."

"கார் வேண்டாம். ரயில்ல வா. முந்தின நாளே வந்து தங்குற வேலையும் வேண்டாம்."

போனை வைத்துவிட்டார். மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எம்லின் நினைத்துக்கொண்டார். ஆனால் சொல்லைத் தட்டவில்லை.

சனிக்கிழமை முதல் ரயில் ஐந்தேகாலுக்கு. பத்தரைக்குத்தான் போய்ச் சேரும் என்று பலகையில் போட்டிருந்தது. 'மாஸ்டர் காத்திருப்பார். பதில் எனக்குத்தானே, நான் போகாமல் யாரிடம் சொல்வார்?' என்று எம்லின் நிம்மதியாக ஏறி உட்கார்ந்தார்.

அந்த நாட்டில் ஒரு கூத்து. தெற்கிலிருந்து வடக்குக்கு ரயிலில் போனால், வழியில் எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் புகுந்து, அங்கே சுற்றிவிட்டுத்தான் திரும்பச் சொந்த நாட்டுக்குள் வர வேண்டும். எம்லினும் புகுந்தார். அங்கே மாற வேண்டிய ரயில் இவர் கண்ணெதிரே கிளம்பிப் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நடைமேடையில் காய்ந்தார். பிறகு ரயில், பிறகு பஸ், பிறகு மழையில் நடை.

மைதானத்துக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. கேட் பூட்டியிருந்தது. தட்டினார். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, சூப் வாசனை வந்தது. காலையிலிருந்து பட்டினி. ஓங்கித் தட்டினார்.

ஓர் இளம்பெண் கேட்டருகே வந்தாள். முழங்கால்வரை சேறு.

"முடிஞ்சிடுச்சு சார்," என்றாள்.

"என்னம்மா முடிஞ்சிடுச்சு? நான் எம்லின். மாஸ்டர் வரச் சொன்னார்."

"தெரியும் சார். முடிஞ்சிடுச்சுன்னு சொல்லச் சொன்னார்."

எம்லினுக்குச் சுருக்கென்றது. எங்கேயோ கேட்ட வார்த்தை மாதிரி இருந்தது. அதற்குள் பாவம் பார்த்து அவளே பூட்டைத் திறந்துவிட்டாள்.

இட்வல் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா எம்லின். உட்காரு."

"மாஸ்டர், பதில் சொல்றேன்னு..."

"சொல்லிட்டேனே. ஒன்பது மணிக்கு."

"யார்கிட்ட?"

"இருந்தவங்ககிட்ட."

இட்வல் சுவரில் தொங்கிய வருகைத் தாளைக் காட்டினார். பதினெட்டுப் பெயர்கள். பதினேழுக்கு நேராக டிக் அடித்திருந்தது. கடைசிப் பெயர் எம்லின். அதற்கு நேராக ஒரே ஒரு சொல்: ஆர்வமில்லை.

அவருக்கு வந்ததே கோபம்! முகம் சிவந்துவிட்டது.

"ஆர்வமில்லையா? எனக்கா? நாலு மணிக்கு எழுந்திருச்சேன் மாஸ்டர்! ரெண்டு ரயில், ஒரு பஸ்! பச்சத் தண்ணி பல்லுல படல. கேட்ல வந்து நாய் மாதிரி நின்னேன். என்னைப் பார்த்து ஆர்வமில்லைன்னு எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது?"

இட்வல் கோபப்படவில்லை. சூப் கிண்ணம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அது என் வார்த்தை இல்லப்பா. உன் திட்டத்துலேருந்து எடுத்தது. கடைசிப் பக்கம்."

பையிலிருந்து எம்லின் திட்டத்தை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் போன வருடத் தேர்வு முகாம் அட்டவணை. இடம், தெற்கு. நேரம், காலை ஒன்பது. வடக்கிலிருந்து விண்ணப்பித்தவர்கள் பதினான்கு பேர். வருகை, யாருமில்லை. பதினான்கு பெயர்களுக்கும் நேராக, அவரே தன் கையால் எழுதியது: ஆர்வமில்லை. இதை வைத்துத்தான் வடக்குக்கு அணி வேண்டாம், பட்டை போதும் என்று முடிவு கட்டியிருந்தார்.

"ஏழாவது பேர் என்னோடது சார்," என்றாள் பின்னால் நின்ற பெண். "ஹெலெத்."

எம்லின் திரும்பினார்.

"நான் வந்தேன் சார். முதல் ரயிலுக்குத்தான் வந்தேன். பதினொண்ணே முக்காலுக்கு உங்க கேட்ல நின்னேன். தட்டினேன்."

எம்லினுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. மழை நாள். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கேட்டைத் தட்டினார்கள். காவலாளி வந்து கேட்டபோது, தலையைக்கூடத் தூக்காமல், 'முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுப்பா' என்றது அவர்தான்.

"அப்புறம் என்னம்மா பண்ணீங்க?"

"பூட்ஸ் பையை மாட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். வேற என்ன பண்றது? இங்க லாரிப் பட்டறையில வேலை. கார் கிடையாது, முந்தின நாளே வந்து தங்கச் சம்பளத்தோட லீவும் கிடையாது." கொஞ்சம் தயங்கினாள். "மார்ச்சோட எனக்கு இருபத்திமூணு முடியுது சார். அதுக்கு மேல எடுக்க மாட்டீங்க."

சூப் ஆறிக்கொண்டிருந்தது. எம்லின் கிண்ணத்தைத் தொடவில்லை. அவருக்கு அழுகை முட்டியது; அதை அடக்குகிற முகம் எல்லா வயதிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், பார்க்கச் சங்கடமாக இருந்தது. இட்வல் வேண்டுமென்றே வெளியே மழையைப் பார்த்தார்.

"மன்னிச்சிடும்மா," என்றார் எம்லின். "இன்னொரு முகாம் வச்சா ஆடுவீங்களா? எப்ப முடியும்?"

"ருவான்," என்றாள் ஹெலெத்.

வடக்கில் 'இப்போது' என்பதற்கு அதுதான் சொல். தெற்கில் அதையே 'நவுர்' என்பார்கள். அவர்கள் எழுத்தில் ஒன்றைப் பின்னாலிருந்து வாசித்தால் மற்றது வந்துவிடும். எம்லின் நாற்பது வருடமாக அந்த வடக்கத்திச் சொல்லைக் கேட்டுக் கிண்டல் செய்தவர். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

பேனாவை எடுத்தார். பச்சைப் பட்டை என்ற வரியை அடித்தார். பதினான்கு 'ஆர்வமில்லை'யையும் ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் மாத்திட்டேன் மாஸ்டர். ஆனா குழுவுல இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. ஓட்டு அவங்க கையில. திங்கட்கிழமை நான் என்ன கத்தினாலும் அவங்களுக்கு ஏறாது."

"ஏறாதுதான். நீ சொல்லி ஏறவேண்டாம். கூட்டத்தை இங்க வை."

"இங்கேயா?"

"இதே கொட்டகைதான். பெஞ்சு இருக்கு, சூப் இருக்கு. காலை ஒன்பது மணிக்கு. எல்லாரும் ரயில்ல வரட்டும், அன்னிக்கே கிளம்பி."

எம்லின் பதறிவிட்டார்.

"என்ன மாஸ்டர் சொல்றீங்க! ஒன்பது மணிக்குத் தெற்கேருந்து எப்படி வர முடியும்? ஒருத்தர்கூட வந்து சேர மாட்டாங்களே!"

இட்வல் சுவரிலிருந்து வருகைத் தாளைக் கழற்றினார். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அதை எம்லின் முன்னால் வைத்து, அவருடைய பேனாவை அவர் கையிலேயே கொடுத்தார்.

"வராதவங்க பேருக்கு நேரா என்ன எழுதணும்னு உனக்குத்தான் தெரியுமேப்பா."