விளக்கு எரியும் வரை கவலையில்லை

கொக்குமேட்டுப்பட்டிக்காரர்கள் மூளையை வீணாகச் செலவழிப்பதில்லை. நல்லது கெட்டதுக்கு உதவும் என்று பத்திரமாக வைத்திருப்பார்கள்.

அந்த ஊரில் வெள்ளைத்துரை, சோலைமுத்து, பூவலிங்கம் என்று மூன்று அண்ணன் தம்பிகள். பைபாஸ் ரோட்டுக்கு நிலம் போய்க் கை நிறையப் பணம் வந்ததும், மூவரும் சேர்ந்து ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார்கள். இளையவன் பூவலிங்கத்துக்கு வயது முப்பத்தெட்டு. ஐந்து பெண் வீட்டார் வேண்டாமென்று சொன்ன பிறகு, காரைக் கேள்விப்பட்டு ஆறாவதாகக் காசிமாயன் சம்மதித்தார். மினி பஸ் முதலாளி, கறாரான ஆள்.

"மாப்ள அந்தக் கார்ல வந்து எங்க மண்டபத்து வாசல்ல எறங்கணும். நடந்து வந்தா, அப்படியே நடந்து திரும்பிப் போயிர வேண்டியதுதான்" என்று கண்டிஷன் போட்டார்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது கார் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வருஷம் ஒன்றாகிவிட்டதாம், என்ஜின் ஆயில் மாற்ற வேண்டுமாம். அவர்கள் சொன்ன விலைக்கு ஓர் எருமை வாங்கலாம், அதுவாவது பால் கறக்கும். விலை குறைந்த ஆயில் ஏதாவது உண்டா என்று கேட்க, மூவரும் டவுனுக்கு மெக்கானிக் ரபீக் பாயிடம் போனார்கள். கார் தேயக்கூடாது என்று பஸ்ஸில் போனார்கள்.

"தாராளமா வேற கம்பெனி ஆயில் ஊத்தலாம். பேரு முக்கியமில்ல, டப்பா மேல இருக்குற நம்பர் ஒத்துப்போகணும்" என்ற ரபீக் பாய், நம்பரை எழுதிக் கொடுத்தார். "ஊத்தினதும் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி இருக்குற ஆயில் விளக்கையே கவனிங்க. அதுல மாத்தம் தெரிஞ்சா உடனே வண்டிய நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

பாவம், நல்ல மனுஷன். அந்த விளக்கு ஒரு வாரமாகவே சிவப்பாக எரிந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது. மங்களகரமாக இருக்கிறதே என்று அண்ணன் தம்பிகள் அதற்குப் பொட்டு வைத்திருந்தார்கள்.

டவுனிலேயே நம்பர் பார்த்து ஆயில் வாங்கிவந்து, பழையதை இறக்கிவிட்டு ஊற்றினார்கள். சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பியதும் விளக்கு அணைந்துவிட்டது.

"அண்ணே, மாத்தம்!" என்று அலறினான் சோலைமுத்து. "நிறுத்துங்க!"

வெள்ளைத்துரை நிறுத்தினார். தாடையைத் தடவி யோசித்தார். "வீட்ல சாமி விளக்கு எப்படா அணையும்?"

"எண்ணெ இல்லாட்டி அணையும்ணே."

"அப்ப இது எண்ணெயே இல்ல. போலிச் சரக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான். இதுக்குப் போயி பாயைத் தொந்தரவு பண்ணணுமா?"

அதை இறக்கிவிட்டு வேறு கடை ஆயில் ஊற்றினார்கள். அதுவும் அணைந்தது. மூன்றாவது கடைச் சரக்குக்கும் அதே கதிதான். இறக்கிய ஆயிலை ஊர் எடுத்துப் போனதில், கொக்குமேட்டுப்பட்டியில் கதவு கிரீச்சிடுவதே நின்றுபோனது.

கல்யாணத்துக்கு முந்தின நாள். மூன்றாவது ஆயிலையும் சொட்டு விடாமல் இறக்கியாகிவிட்டது. நாலாவது ஆயில் வாங்க ஆள் கிளம்பும் முன், பூவலிங்கம் சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது!

"அண்ணே, ஒண்ணுமே ஊத்தலண்ணே!"

"இதாண்டா ஆயில்!" வெள்ளைத்துரை விளக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "இதவிடக் கம்மி வெலைல எந்தக் கடையிலடா கெடைக்கும்?"

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே கிளம்பினார்கள். மண்டபம் பத்து கிலோமீட்டர். வழியெல்லாம் கார் இரும்புக் கடைபோலச் சத்தம் போட்டது. சோலைமுத்து கண்கொட்டாமல் விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தான். மண்டபத்துக்கு நூறு அடி இருக்கும்போது 'கடக்' என்றது கார். நின்றது நின்றதுதான்.

"விளக்குல மாத்தம் உண்டாடா?"

"இல்லண்ணே, ஜெகஜோதியா எரியுது."

"அப்ப வண்டில கோளாறு இல்ல. களைப்பா இருக்கும். உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். ஏசி காற்று ஓடியது, பாட்டு ஓடியது, ஹெட்லைட்டும் எரிந்தது. ஏழானது, எட்டானது, ஒன்பதும் ஆனது. முகூர்த்தம் பத்தரைக்குள். மாலையும் கழுத்துமாகப் பூவலிங்கம் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி நடந்தால் அரை நிமிஷம், ஆனால் நடந்தால் பெண் இல்லை. அவன் கண் கலங்கிவிட்டது.

பத்தேகாலுக்குக் காசிமாயன் மீசை துடிக்க வந்து கண்ணாடியைத் தட்டினார். அதே நேரத்தில் பாட்டு நின்றது, ஏசி நின்றது, விளக்கும் அணைந்தது. பேட்டரி காலி.

"மாத்தம்!" என்று கத்தினான் சோலைமுத்து. "வண்டிய உடனே நிறுத்தணும்ணே!"

"நிக்கிற வண்டிய எப்படிடா நிறுத்துறது?"

காசிமாயனும் யோசித்தார். சம்பந்தம் சும்மா அமைவதில்லை. "ஓடுனாத்தான நிறுத்த முடியும்? தள்ளி ஓட விடுங்கப்பா, அப்புறம் நிறுத்திக்கலாம்" என்று வேட்டியை மடித்துக் கட்டி அவரே தோள் கொடுத்தார். இரண்டு வீட்டு ஆம்பளைகளும் சேர்ந்து தள்ளினார்கள். கார் உருண்டது. வெள்ளைத்துரை முழு பலத்தையும் கொடுத்து பிரேக்கை மிதித்தார். வண்டி நின்ற இடம், சரியாக மண்டபத்து வாசல்.

பூவலிங்கம் காரிலிருந்து இறங்கினான். பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது.

கெட்டிமேளம் ஓய்ந்ததும் வெள்ளைத்துரை ரபீக் பாய்க்குப் போன் போட்டார். "பாய், ஊத்தினதுக்கு அப்புறம் செவப்பு விளக்கு அணைஞ்சிருச்சு. நீங்க சொன்னபடியே வண்டிய நிறுத்திட்டோம்."

"எரிஞ்சுக்கிட்டிருந்தது அணைஞ்சிருச்சா? அட, ரொம்ப நல்லது! அப்ப ஊத்தின ஆயிலு அருமையான ஆயிலு. இனிமே எப்பவும் அதையே ஊத்துங்க!"

பக்கத்தில் நின்ற காசிமாயன் காதிலும் அது விழுந்தது. "சம்பந்தி, அந்த ஆயில் நம்ம மினி பஸ்ஸுக்கும் ஒரு டப்பா வேணுமே" என்றார்.

இல்லையென்று சொல்ல முடியுமா? வெள்ளைத்துரை ஒரு காலி டப்பாவை நன்றாகத் துடைத்து, மூடியை இறுக்கி, வெற்றிலை பாக்கோடு தாம்பாளத்தில் வைத்து மரியாதையாக நீட்டினார்.

காசிமாயன் அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"அடேயப்பா, என்னா லேசு! உசந்த சரக்குன்னா சும்மாவா?"