பன்னிரண்டு தெருவின் நாய்ப் புத்தகம்

அன்று கடம்பவேலி அரசர் கோதண்ட பூபதியின் சபையில் இருந்தவர்கள் பதினொரு பேர். அரசர் ஒருவர். அமைச்சர் நரசப்பர் ஒருவர். விகடம் பேசும் உத்தண்டியார் ஒருவர். மரத்தில் சித்திரம் செதுக்கும் தேவானை ஒருத்தி. கருவூலக் கணக்கர் ஒருவர். சாமரம் வீசும் பெண்கள் இருவர். வாசல் காவலர் நால்வர். அந்த நால்வரில் ஒருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் இருந்தார் என்றே எழுதுகிறேன்.

தேவானை ஒரு கூடையை இறக்கி வைத்தாள். உள்ளே பன்னிரண்டு மரக்கட்டைகள். சேலையில் பூ அச்சடிக்கிற கட்டைகள் மாதிரிதான். ஆனால் பூ இருக்க வேண்டிய இடத்தில் நாய் இருந்தது. ஊரில் அவள் கண்ணால் பார்த்த நாய்களே எல்லாம். அ எழுத்துக்கு அஞ்சான். ஆ எழுத்துக்கு ஆண்டி. இ எழுத்துக்கு இடியன். இப்படியே போய், ஒ எழுத்துக்கு ஒற்றைக்காதன். ஔ எழுத்துக்குப் பேர் கிடைக்கவில்லை. அதனால் அந்தக் கட்டையில் ஒரு நாய் மூக்கைத் தூக்கி “ஔ” என்று ஊளையிட்டது. ஆய்த எழுத்தை விட்டுவிட்டாள். மூன்று கால் நாய் ஊரில் இல்லை.

“மகாராஜா, பிள்ளைகள் அழுதுகொண்டே எழுத்துப் படிக்கிறார்கள்” என்றார் உத்தண்டியார். “இதைத் துணியில் அச்சடித்துப் புத்தகமாகத் தைத்தால் சிரித்துக்கொண்டே படிப்பார்கள். துணி, சாயம், தையல் எல்லாம் சேர்த்து இருநூற்று நாற்பது பணம் வேண்டும்.”

“நாய்க்குப் புத்தகமா!” என்றார் நரசப்பர். “நாளைக்குப் பூனை வந்து வாசலில் நிற்கும். கருவூலத்திலிருந்து சல்லிக்காசு கிடையாது.”

“வேண்டாம். ஊரிடம் கேட்கிறோம். இப்போது பணம் தந்தால் பிறகு புத்தகம்.”

“யார் தருவார்கள்? நாய் வைத்திருப்பவன் நாயையே பார்க்கிறான். படம் எதற்கு? நாய் இல்லாதவனுக்கு நாயே வேண்டாம். படம் எதற்கு? இந்த இரண்டு பேரிடமும் கேட்பது ஏமாற்று வேலை, மகாராஜா!”

அரசருக்குச் சிக்கல் என்றால் சர்க்கரைப் பொங்கல். அவர் உடனே ஆணையிட்டார்.

“உத்தண்டி, நாய் உள்ளவரிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. நாய் இல்லாதவரிடமும் வாங்கக் கூடாது. பதினைந்து நாளில் இருநூற்று நாற்பது பணம் இங்கே வர வேண்டும்.”

“வராவிட்டால்?” என்று கேட்டார் நரசப்பர். பதிலும் அவரே சொன்னார். “கட்டைகள் அரண்மனை வெந்நீர் அடுப்புக்கு!”

அரசரும் தலையை ஆட்டிவிட்டார்.

வெளியே வந்ததும் தேவானை கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். “எட்டு மாதம் செதுக்கினேன் அண்ணே. ஒருத்தர் குளிக்கவா?”

“அழாதே. எண்ணெய்க்காரத் தெருவுக்கு வா” என்றார் உத்தண்டியார்.

அங்கே இடியன் நடுத்தெருவில் படுத்திருந்தான். ஒரு மாட்டுவண்டி அவனைச் சுற்றிக்கொண்டு போனது.

“இது யாருடைய நாய்?” என்று கேட்டார் உத்தண்டியார்.

செக்குக்கார மீனாயி எட்டிப் பார்த்தாள். “யாருடையதும் இல்லை சாமி.”

“அப்படியானால் உங்களுக்கு நாய் இல்லை.”

“ஏன் இல்லாமல்? இடியன் எதற்கு இருக்கிறான்?”

“அப்போது உனக்கு நாய் உண்டு.”

“எனக்கு எங்கே உண்டு? தெருவுக்குத்தான் உண்டு. உங்களுக்கு வெயில் ஏறிவிட்டதா? மோர் தரட்டுமா?”

உத்தண்டியார் மோரும் குடித்தார், கட்டையையும் காட்டினார். இடியனைப் பார்த்ததும் தெருவே கூடிவிட்டது. மாலைக்குள் இருபது பணம் சேர்ந்தது. செய்தி பரவியது. “அவர்கள் நாய் புத்தகத்தில் வரும், நம் ஆண்டி வரக் கூடாதா?” என்று குயவர் தெரு கொதித்தது. அங்கேயும் இருபது. தெருவுக்குத் தெரு இதே கதைதான்.

பதினைந்தாம் நாள் சபையில் பதினொரு பண முடிச்சுகள் இருந்தன. ஊரில் தெருக்கள் பன்னிரண்டு. பன்னிரண்டாவது தெரு அமைச்சர் குடியிருப்பது. ‘எவனாவது கொடுத்துப் பாருங்கள்’ என்று அவர் சொல்லி வைத்திருந்தார்.

“இருநூற்று இருபதுதான்! இருபது குறைகிறது!” என்று நரசப்பர் கைதட்டினார். “இதுவும் செல்லாது. உலகத்தில் ஒருவனுக்கு நாய் உண்டு, அல்லது இல்லை. இரண்டும் இல்லாத ஆள் யார்?”

தேவானையின் கை கூடையை விடவில்லை.

“அமைச்சரே, உங்களுக்கு நாய் உண்டா?” என்றார் உத்தண்டியார்.

“இல்லவே இல்லை.”

“உங்கள் வாசலில் ஒற்றைக்காது நாய் ஒன்று படுத்திருக்கிறதே?”

“அது தெரு நாய். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?”

“நல்லது. மகாராஜா, சம்பந்தம் இல்லாத நாய் இடைஞ்சல்தானே? இன்றே அதை ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரக் காவலரை அனுப்புங்கள்.”

“அக்கரையிலா?” நரசப்பர் எழுந்தே விட்டார். “ஐயோ, அவனுக்கு ஈரம் ஆகாது! மோர்ச்சோறு தவிர வேறு எதையும் தொடமாட்டான்! எங்கள் ஒற்றைக்காதன் மேல் எவன் கை வைப்பான்?”

தூங்கிய காவலர்கூட விழித்துக்கொண்டார்.

“நரசப்பரே, உமக்கு நாய் உண்டா?” என்று கேட்டார் அரசர்.

“இல்லை மகாராஜா.”

“இல்லையா?”

“உண்டு மகாராஜா.”

“இரண்டும் இல்லாத ஆள் யார் என்று கேட்டீரே. அவர் எங்கே நிற்கிறார்?”

நரசப்பர் மடியை அவிழ்த்து இருபது பணத்தை எண்ணி வைத்தார். இரண்டு தடவை எண்ணினார்.

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “உத்தண்டி, எனக்கும் ஒரு புத்தகம் வேண்டும். இந்தா, பத்துப் பணம்!”

உத்தண்டியார் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். “மன்னிக்க வேண்டும் மகாராஜா. தங்கள் கொட்டடியில் வேட்டை நாய்கள் பதினேழு. நாய் உள்ளவரிடம் வாங்கக் கூடாது என்பது அரச ஆணை.”

அரசர் முன்னைவிடப் பலமாகச் சிரித்தார். உத்தண்டியாருக்குத் தம் சால்வையைப் போர்த்தினார். தேவானைக்கு ஒரு ஜோடி வளையல் தந்தார். அரசருக்கு ஒரு புத்தகம் இலவசமாகப் போயிற்று. கொடுக்கக் கூடாது என்று ஆணையில் இல்லை.

செலவு இருநூற்று முப்பத்தேழு பணம். மீதி மூன்று பணத்துக்கும் எலும்பு வாங்கினார்கள். முப்பத்தேழு எலும்புகள் வந்தன. பன்னிரண்டு நாய்களுக்கும் ஆளுக்கு மூன்று.

மிச்சம் ஒன்று. அது யாருடையதும் இல்லை.