துண்டு படாத பாட்டில்

முன்பு புதுச்சேரியில் ஒரு வீட்டின் பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஓர் ஆணியில் பாட்டில் பிரஷ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கம்பிக் கழுத்து கோணிப்போய், இருந்த முடியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதற்கு வயது ஒன்றும் ஆகிவிடவில்லை. வேலைதான் அதிகம்.

வீட்டுக்காரர் லூர்துராஜுக்கு பீர் காய்ச்சும் ஆசை. வாளியில் பார்லிக் கஷாயத்தை ஊற்றி, ஈஸ்ட் தூவி, பொங்கி அடங்கியதும் பழைய பாட்டில்களில் அடைப்பார். இதுவரை இரண்டு முறை அடைத்திருந்தார். இரண்டு முறையும் புளித்துக் காடியாகிவிட்டது.

குற்றவாளி யார் என்று விசாரணையே நடக்கவில்லை. பாட்டில் சரியாகக் கழுவப்படவில்லை, கழுவியது பிரஷ், தீர்ந்தது வழக்கு. உழைக்கிறவன் கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும்போது வேறு ஆளை எதற்குத் தேடுவது?

“இந்தத் தடவையும் கெட்டுப்போச்சுன்னா இதைக் குப்பையில போட்டுட்டு வேற பிரஷ் வாங்கிடுவேன்” என்று லூர்துராஜ் தன் மனைவி செலினிடம் சொன்னார். பிரஷ் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் வேலை தொடங்கியது. பிரஷ் உயிரைக் கொடுத்துத் தேய்த்தது. ஒரு பழுப்பு பாட்டிலின் அடியில் பழைய கசடு காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. தேய்க்கத் தேய்க்கப் பிரஷின் முடிகள்தான் உதிர்ந்தன.

“மெதுவாப்பா, வலிக்குது” என்றது பாட்டில்.

“எனக்கு மட்டும் இனிக்குதா? குடிச்ச அன்னிக்கே ஒரு வாய் தண்ணி ஊத்தி அலசியிருந்தா ரெண்டு பேருக்கும் இந்தக் கஷ்டம் இல்லை.”

“யாரு அலசுறது? குடிச்சவரு அப்படியே தூங்கிட்டாரு.”

பிரஷுக்குக் களைப்பு. மறுபடி உள்ளே இறங்கித் தேய்த்தது. கடைசியில் கசடு விட்டுக்கொடுத்தது.

பிறகு கிருமி கொல்லும் மருந்து கலந்த தண்ணீர் வந்தது. அது அதிகம் பேசாது. ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் புகுந்து வெளியே வந்து, “அவ்வளவுதான். இனிமே உங்களை யாரும் தொட வேண்டாம். ஈரம் அப்படியே இருக்கட்டும். நுரை நின்னாலும் பயமில்லை. அப்படியே பீரை ஊத்தலாம்” என்றது.

மருந்து டப்பாவிலும் அதையேதான் அச்சடித்திருந்தார்கள். ஆனால் லூர்துராஜ் ஊறுகாய் போடும் வீட்டில் வளர்ந்தவர். ஜாடியில் சொட்டு ஈரம் இருந்தாலும் பூஞ்சை பிடித்துவிடும் என்று கேட்டுக் கேட்டு அது அவர் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஈரப் பாட்டிலைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தோளுக்குப் போனது. தோளில் இருந்தது துண்டு.

அந்தத் துண்டை எல்லாருக்கும் பிடிக்கும். பேச்சு அவ்வளவு மென்மை. காலையில் அவர் முகத்தைத் துடைக்கும். மதியம் மீன் கழுவிய கையைத் துடைக்கும். அப்புறம் மேஜை, சைக்கிள் சீட் என்று எதையும் ஒதுக்காது.

“வாங்க கண்ணுங்களா! அந்த முரடன் உங்களைப் பாடாப்படுத்திட்டானா?” என்று கேட்டுக்கொண்டே துண்டு ஒவ்வொரு பாட்டிலின் வாயையும் துடைத்தது. நுனியை முறுக்கிக் கழுத்துக்குள்ளும் விட்டுத் துடைத்தது. பாட்டில்கள் சொக்கிப்போயின.

பிரஷுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, உங்களைத் துவைச்சு எவ்வளவு நாளாச்சு?”

துண்டு சிரித்தது. “என்னையா? எல்லாரையும் சுத்தம் பண்றவனே நான்தான். என்னை எதுக்குத் துவைக்கணும்?”

பாட்டில்களும் சேர்ந்து சிரித்தன. பிரஷ் ஆணியில் சும்மா தொங்கியது.

கடைசியாக மிஞ்சியது அந்தப் பழுப்பு பாட்டில். அதன் முறை வருவதற்குள் வாசலிலிருந்து செலின் கூப்பிட்டாள். “என்னங்க, கேஸ்காரர் வந்திருக்காரு. சிலிண்டரை உள்ள தூக்கி வைங்க!” லூர்துராஜ் போனார். திரும்பி வந்தபோது துடைத்தது எது, துடைக்காதது எது என்ற நினைப்பே இல்லை. எல்லாவற்றிலும் பீரை ஊற்றி மூடிவிட்டார்.

“எனக்கு மட்டும் துண்டு படலையே” என்று பழுப்பு பாட்டில் அழுதது. சமாதானம் சொல்லக்கூடப் பிரஷுக்குத் தெம்பில்லை.

சில வாரம் கழித்து லூர்துராஜ் பாட்டில்களைத் திறந்தார். முதல் பாட்டில் காடி. அடுத்ததும் காடி. வரிசையாக எல்லாம் சாக்கடைக்குப் போயின. பிரஷ் ஆணியில் தொங்கியபடி தன் முடிவை எண்ணிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய பழுப்பு பாட்டிலையும் வேண்டாவெறுப்பாகத் திறந்தார். நுரை அழகாக எழுந்தது. ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“செலின்! இங்க வா, இதைக் குடிச்சுப் பாரு!”

செலின் வாங்கி ஒரு வாய் குடித்தாள். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தாள். “அன்னிக்கு கேஸ்காரர் வந்தப்ப தனியா நின்னுச்சே, அந்தப் பாட்டில்தானே இது? நான் பார்த்தேன். இது ஒண்ணைத்தான் நீங்க துடைக்காம விட்டீங்க.”

பிரஷ் நிமிர்ந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அதன் கோணல் கழுத்து நேரானது. உண்மை வெளியே வந்துவிட்டது. இனி அவர் யோசித்தால் போதும்.

லூர்துராஜ் யோசித்தார். நன்றாகவே யோசித்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்தது.

“துடைக்காமலே இவ்வளவு நல்லா இருக்குன்னா, துடைச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்!”

மீசையில் ஒட்டிய நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அப்படியே எட்டி ஆணியிலிருந்த பிரஷைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டார்.

மறுநாள் அதே ஆணிக்குப் புதுப் பிரஷ் வந்தது. முடியெல்லாம் விறைப்பாக நின்றது. அது கூடையை எட்டிப் பார்த்து, “அண்ணே, இங்க தேய்க்கிற வேலை ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டது.

“தேய்க்கிறது கஷ்டமே இல்லை தம்பி. தேய்ச்சு முடிச்சதும் அந்தத் துண்டு வரும் பாரு, அப்போ சும்மா தொங்கிக்கிட்டு இருக்கணும். அதுதான்” என்று சொல்லிவிட்டு, பழைய பிரஷ் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.