பால்வண்ணன் அனுப்பிய இரண்டு வரி

"பால்வண்ணன் என்னைக் கேலி பண்ணிட்டார்மா. இனிமே ஒண்ணு அவர் இங்க வரட்டும், இல்லைன்னா நான் வர்றேன்."

செருப்பைக் கழற்றும்போதே சிற்றம்பலம் இதைச் சொல்லிவிட்டார்.

கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய குரு, அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். மலையடிவாரத்து மாந்தோப்பில் குடியிருந்ததால் எல்லோருக்கும் அவர் தோப்பம்மா.

தோப்பம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னார்?"

"சொல்லலை. எழுதினார்."

போன பௌர்ணமிக் கூட்டத்தில் சிற்றம்பலம் பேசினார். தலைப்பு, மௌனம். பேச்சு முடிவதற்குள் மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அன்று சாயங்காலம் தோப்புக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பால்வண்ணன் இரண்டு வரி போட்டிருந்தார். அவர் ஆலங்குளத்தில் தையல்கடை வைத்திருப்பவர். வழக்கமாக இருவரும் ஒரே பஸ்ஸில், பக்கத்துப் பக்கத்து சீட்டில், தோப்புக்கு வந்து போவார்கள்.

சிற்றம்பலம் போனை நீட்டினார்.

'சார் பேச்சு அற்புதம். மௌனத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேச வேறு யாரால் முடியும்?'

"வஞ்சப் புகழ்ச்சி," என்றார் சிற்றம்பலம். "புகழ்ற மாதிரி இகழ்றது. ஆயுசு பூரா பாடம் நடத்தியிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"கடைசியில கும்பிடுற கை பொம்மை போட்டிருக்காரே."

"அதுலதான் எனக்கு சந்தேகமே வந்தது."

"மத்தவங்களும் கீழ கும்பிடு போட்டிருக்காங்க."

"அவங்க மேலயும் சந்தேகம்தான்."

தோப்பம்மா உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"பழசையெல்லாம் எடுத்துப் படிச்சேன்மா. பொங்கலுக்கு, 'உங்க தமிழைக் கேட்டாலே பசியாறிடுது'ன்னு எழுதியிருந்தார். அன்னைக்கு சந்தோஷப்பட்டேன். இப்போ படிச்சா உடம்பு எரியுது. இத்தனை நாளா என்னை வெச்சு சிரிச்சிருக்கார்."

"நீங்க என்ன பதில் போட்டீங்க?"

சிற்றம்பலம் கொஞ்சம் தயங்கினார்.

"'உங்களைப் போன்ற ஞானிகள் நடுவில் நான் பேசியது என் தவறுதான்'னு போட்டேன்."

"அதுக்கு அவர்?"

"'பெரிய மனசு சார் உங்களுக்கு'ன்னு போட்டார். அடிச்சதும் இல்லாம அதுக்கு மேல உப்பும் தடவுறார்! நான் குழுவை விட்டே வெளியேறிட்டேன். நீங்களே சொல்லுங்கம்மா. முதல்ல எழுதினது கேலியா, இல்லையா?"

தோப்பம்மா போனை வாங்கி, கடைப் பலகையை வாசிப்பதுபோல் அந்த இரண்டு வரியையும் வாசித்தார்.

"தெரியலையே ஐயா. நீங்க வாசிங்க."

சிற்றம்பலம் போனைத் திரும்ப வாங்கி வாசித்தார். 'அற்புதம்' என்ற சொல்லை இழுத்தார். 'வேறு யாரால்' என்ற இடத்தில் அவர் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"நீங்க வாசிச்சா கேலியாத்தான் இருக்கு," என்றார் தோப்பம்மா.

"பாத்தீங்களா!"

தோப்பம்மா முறத்தைக் கீழே வைத்தார். தன் போனை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

சிற்றம்பலத்தின் கையிலிருந்த போன் ஒலித்தது.

'நீங்க ரொம்பப் பொறுமைசாலி.'

சிற்றம்பலம் நிமிர்ந்து பார்த்தார். தோப்பம்மா முறத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, இது நிஜமாவா?"

"எழுதியிருக்கேனே."

"இல்ல, கேலியா?"

"எழுதியிருக்கேனே ஐயா."

சிற்றம்பலம் எழுந்து சுற்றிப் போனார். தோப்பம்மா இந்தப் பக்கம் திரும்பினார். இவர் இந்தப் பக்கம் வந்தார். தோப்பம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"கொஞ்சம் முகத்தைக் காட்டுங்கம்மா. அப்பத்தானே எனக்குத் தெரியும்!"

முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆலங்குளத்துக்கு அடுத்த பஸ் எப்போ?"

சிற்றம்பலம் அப்படியே நின்றார். பிறகு செருப்பைத் தேடினார்.

பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. வழியெல்லாம் அவருக்கு ஒரே யோசனை. தன்னைக் கண்டதும் பால்வண்ணன் சிரிப்பாரா? சிரித்தால் அது எந்தச் சிரிப்பு?

பால்வண்ணன் சிரிக்கவில்லை. கடைவாசலில் சிற்றம்பலத்தைக் கண்டதும் மெஷினில் ஓடிக்கொண்டிருந்த அவர் கால் நின்றது. எழுந்தார். ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

"தோப்பம்மா அனுப்பினாங்களா?"

"ஆமா."

"என்ன சொல்லி அனுப்பினாங்க?"

"ஒண்ணும் சொல்லலை."

பால்வண்ணன் நம்பவில்லை என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கழுத்தில் கிடந்த டேப்பை உருவிக் கையில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளுங்க."

"ஞானிகள் நடுவில பேசினது என் தவறுன்னு எழுதினீங்களே. நீங்க மனசார எழுதினீங்கன்னு நெனச்சேன். வீட்டுல அவகிட்டகூடக் காட்டினேன். இவ்வளவு படிச்சவர் நம்மளைப் போய் ஞானிங்கிறாரேன்னு எனக்குக் கண்ணே கலங்கிட்டு. அதான் பெரிய மனசுன்னு போட்டேன். அடுத்த நிமிஷம் குழுவை விட்டுப் போயிட்டீங்க. ராத்திரியெல்லாம் அதையே படிச்சுப் படிச்சுப் பாத்தேன். நான் என்ன சார் தப்பா எழுதினேன்?"

சிற்றம்பலம் கடைப் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அது நான் மனசார எழுதினது இல்ல. குத்தலாத்தான் எழுதினேன்."

"அப்படியா?" என்றார் பால்வண்ணன்.

அந்த ஒரு சொல்லில் கேலி எங்காவது இருக்கிறதா என்று சிற்றம்பலம் தேடினார். கிடைக்கவில்லை. எதிரே இருந்த முகம் வாடிப்போயிருந்தது.

"அப்போ நீங்க முதல்ல எழுதினது?" சிற்றம்பலத்தின் குரல் இறங்கியிருந்தது. "மௌனத்தைப் பத்தி இவ்வளவு நேரம் பேச வேற யாரால முடியும்னு?"

"அதுவா? அது கேலிதான் சார்."

சிற்றம்பலம் திடுக்கிட்டார்.

"சாம்பார் ஆறுது, அப்பளம் நமத்துப்போவுது, நீங்க மௌனம் மௌனம்னு நிறுத்தவே மாட்டேங்கிறீங்க," என்றார் பால்வண்ணன். சொல்லச் சொல்ல, வாடியிருந்த அவர் முகம் அவரை அறியாமலே விரிந்தது. "பஸ்ஸில வரும்போது சொல்லிச் சிரிக்கலாம்னு இருந்தேன். அன்னைக்குப் பாத்து உங்க மருமகன் காரோட வந்து கூட்டிட்டுப் போயிட்டார். அதான் எழுதிப் போட்டேன்."

டேப்பைக் கீழே வைத்துவிட்டு அவர் சிற்றம்பலத்தைப் பார்த்தார்.

"எழுதும்போது சிரிச்சுக்கிட்டேதான் சார் எழுதினேன். அது உங்களுக்கு வந்து சேரலையா?"